ஓடைக்கரைச் சவுக்கு: இது எந்தச் சவுக்கு? (மேற்கு சிட்னி, செடி அடையாளம்)

டூங்காபி செந்தில்

எல்லாருக்கும் வணக்கம். டூங்காபி ஓடைக்கரையில் காலை நடை போகும் வழியில் ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். போன வாரம்தான் படம் எடுத்து, உயிரினப் படங்களுக்கு எல்லாரும் சேர்ந்து பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினேன். நாகப்பட்டினம் கடற்கரையில் சவுக்கைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் யோசிக்காமல் கசூரினா ஈக்விசெட்டிஃபோலியா என்று பெயர் கொடுத்தேன். கூட வேலை பார்க்கும் நண்பர் "ஒப்புக்கொள்கிறேன்" அழுத்தினார். உடனே ஆய்வுத் தரம், அதாவது பெயர் உறுதியான பதிவு என்ற முத்திரை, கிடைத்துவிட்டது.

நேற்று முன்பின் தெரியாத ஒருவர் வந்து எந்த இனம் என்று சொல்லாமல் வெறும் "கசூரினா" என்று பேரினத்தோடு நிறுத்தி மறுப்புப் போட்டிருக்கிறார். தரம் போய்விட்டது. காரணம் ஒரு வரிகூட எழுதவில்லை. படத்தில் முழு மரமும் தெரிகிறது, ஊசி தெரிகிறது, காயும் ஓரளவு தெரிகிறது. நம் ஊர்ச் சவுக்கு மாதிரியே இருக்கிறது. எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

காரைநகர் வாசுகி

செந்தில் தம்பி, எங்கள் ஊரிலே கசூரினா கடற்கரை என்றே ஒரு கடற்கரை இருக்கிறது. அதனால் உங்கள் குழப்பம் எனக்கு நல்லாய் விளங்கும். நானும் இங்கே வந்த முதல் வருஷம் கண்ட சவுக்கெல்லாம் ஊர்ச் சவுக்கு என்றுதான் நினைத்தேன்.

ஈக்விசெட்டிஃபோலியா ஆஸ்திரேலியாவுக்கும் சொந்தமான மரம்தான், ஆனால் அது இயற்கையாய் நிற்பது வடக்கு நியூ சவுத் வேல்ஸ் கடற்கரை, குயின்ஸ்லாந்து, அதற்கும் வடக்கே. சிட்னிக்கு உள்ளே ஓடைக்கரையில் தானாக முளைத்து நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேறு நாலு பேரை. சதுப்புச் சவுக்கு என்கிற கசூரினா கிளாக்கா, ஆற்றுச் சவுக்கு என்கிற கன்னிங்ஹாமியானா, அப்புறம் பக்கத்துப் பேரினமான அல்லோகசூரினாவில் லிட்டோராலிஸ், டோருலோசா.

தூரத்தில் நின்று எடுத்த படத்தில் இவற்றைப் பிரிக்கவே ஏலாது. பல் எண்ண வேண்டும்.

டூங்காபி செந்தில்

பல்லா? அக்கா, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

காரைநகர் வாசுகி

சின்ன வயதில் சவுக்கு ஊசியைக் கணுக் கணுவாய்க் கழற்றி, திரும்பப் பொருத்தி, "எங்கே உடைத்தேன் சொல்லு" என்று விளையாடியிருப்பீர்கள்தானே? அதே விளையாட்டுத்தான்.

நாம் ஊசி என்று சொல்வது இலை இல்லை, மெல்லிய பச்சைக் கிளை. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் ஒரு வளையமாய், மிகச் சின்னப் பற்களாய்ச் சுருங்கிப் போயிருக்கும். ஊசியின் நீளவாக்கில் ஓடுகிற வரிகளை விரல் நகத்தால் உணரலாம். ஒரு வரிக்கு ஒரு பல். கணுவில் இழுத்துக் கழற்றினால் ஒரு துண்டின் நுனியில் கிரீடம் போலப் பற்கள் நிற்கும். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எண்ணுங்கள்.

டோருலோசாவுக்கு 4, சிலவேளை 5. லிட்டோராலிஸுக்கு 6 முதல் 8. கன்னிங்ஹாமியானாவுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10. கிளாக்காவுக்கு 12க்கு மேலே, 17 வரை சாதாரணம். ஊர்ச் சவுக்குக்கு 7 அல்லது 8.

ஒரு ஊசியை மட்டும் எண்ணி முடிவு கட்டாதீர்கள். மூன்று நாலு ஊசி, வேறு வேறு கிளையிலிருந்து. மரத்தில் பறிக்க வேண்டாம், கீழே மெத்தை போலக் கிடக்கும். ஒரு மரம் தனியாய் நின்றால் அதன் அடியில் கிடப்பதே நிச்சயம்; கலந்து நிற்கும் இடத்தில் பக்கத்து மரத்து ஊசியும் கிடக்கும், கவனம்.

கோத்தகிரி ரமணி

வாசுகி சொன்னதோடு ஒரு காயையும் எடுத்துப் பாருங்கள் செந்தில். முற்றிய காயைக் காகிதத்தில் போட்டு ஒரு நாள் வெயிலில் வைத்தால் வாய் திறந்து இறக்கை வைத்த விதை உதிரும். வெளிறிய, பளபளப்பு இல்லாத விதை என்றால் கசூரினா. கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மினுங்கினால் அல்லோகசூரினா. 1982இல் எல். ஏ. எஸ். ஜான்சன் இரண்டையும் தனிப் பேரினமாகப் பிரித்தபோது சொன்ன வேறுபாடுகளில் இதுவும் ஒன்று. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

கான்பெரா முருகு

மறுப்புப் போட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் செய்தது சரி. காரணம் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆய்வுத் தரம் பெற மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் இரண்டு பேர், அவர் ஒருவர்; சரியாக மூன்றில் இரண்டு, அதைத் தாண்டவில்லை. அதனால்தான் பேரினத்துக்கு இறங்கிவிட்டது.

எனக்கு உறுத்துவது உங்கள் நண்பர் அழுத்திய ஒப்புதல். தப்பாக நினைக்க வேண்டாம், நிறையப் பேர் அதை முகநூல் விருப்பக்குறி மாதிரி அழுத்துகிறார்கள். அந்தப் பொத்தானுக்கு "நானே பார்த்தேன், இந்த இந்த அடையாளத்தால் இது இந்தச் செடிதான்" என்று பொருள். ஆய்வுத் தரம் பெற்ற பதிவுகள் அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா என்ற தேசியத் தரவுத்தளத்துக்குப் போகின்றன. எந்தச் செடி எங்கே இருக்கிறது என்று ஒரு ஆய்வாளரோ மாநகராட்சி அலுவலரோ தேடினால் அங்கேதான் தேடுவார். சிட்னிக்குள் ஓர் ஈக்விசெட்டிஃபோலியா புள்ளி விழுந்தால், அது நாளைக்கு ஒருவருடைய வரைபடத்தில் வந்து நிற்கும்.

இங்கே கான்பெரா நேச்சர் மேப் என்ற பதிவுத் தளத்தில் நடைமுறை வேறு. ஒவ்வொரு பதிவையும் அந்தந்தத் தாவர வகை தெரிந்த ஒருங்கிணைப்பாளர் பார்த்து உறுதி செய்வார். வேகம் குறைவு. ஆனால் எனக்குத் தெரிந்த பாதிச் செடிகளை அவர்கள் எழுதிய இரண்டு வரிக் குறிப்புகளில்தான் கற்றேன்.

டூங்காபி செந்தில்

இன்று காலை போய்வந்தேன். தோப்பின் ஓரத்தில் தனியாக நின்ற மரத்தடியில் ஐந்து ஊசி எடுத்தேன். கணுவில் இழுத்தபோது அதே 'டப்' என்ற சின்னச் சத்தம். முப்பது வருடத்துக்கு முந்தைய கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது.

ஊசி ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், வெறுங்கண்ணால் முடியவில்லை. மகளின் பள்ளிக்கூட லென்ஸை வாங்கிப் பார்த்தேன். பல்லின் நுனி பழுப்பாக இருப்பதால் எண்ண முடிந்தது. 14, 13, 14, 15, 14. தோப்பு முழுக்க வேரிலிருந்து கன்றுகள் கிளம்பியிருக்கின்றன, நெருக்கமாக.

அப்படியானால் கிளாக்கா?

காரைநகர் வாசுகி

கிளாக்காவேதான். வேர்க்கன்று விட்டு அடர்த்தியாய்ப் பரவுவது அதன் குணம். உப்புத் தண்ணீர் ஏறும் கழிமுகத்து ஓரத்திலும் தாங்கி நிற்கும். பல் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அதே பதிவில் சேருங்கள், நீங்கள் எண்ணியதையும் எழுதுங்கள். உங்கள் பழைய பெயரை மாற்றுங்கள், நண்பரையும் மாற்றச் சொல்லுங்கள். நான் படத்தைப் பார்த்துவிட்டு ஒப்புதல் போடுகிறேன்.

புதுக்கோட்டை அழகர்

நல்ல உரையாடல். இடையில் புகுந்து கேட்கிறேன். நான் பிளாக்டவுன் பக்கம் இருக்கிறேன். எங்கள் ஊரில் தைலமரம் என்றால் சண்டைதான். காப்புக்காட்டில் வரிசை வரிசையாக நட்டுக் காகித ஆலைக்கு வெட்டுவார்கள். நிலத்தடி நீர் போகிறது என்று ஊர்க்காரர்கள் எதிர்த்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே பிராஸ்பெக்ட் பக்கம் ஒரு காட்டுத்துண்டில் நடந்தபோது அதே தைலமரம் மாதிரி ஒன்றைப் பார்த்தேன். வழவழப்பான பட்டை, திட்டுத் திட்டாகச் சாம்பல், வெள்ளை. அதே மரமாக இருக்க முடியுமா?

கான்பெரா முருகு

இருக்க முடியும் அழகர் அண்ணா. நம் ஊர்ச் சமவெளியில் 'மைசூர் கம்' என்று பரவிய தைலமரம் பெரும்பாலும் யூகலிப்டஸ் டெரெட்டிகார்னிஸ் வழி வந்தது. மேற்கு சிட்னியில் அது மண்ணின் மரம். கம்பர்லேண்ட் சமவெளிக் காடு என்று சொல்லும் காட்டில் முக்கியமான மரங்களில் ஒன்று. அந்தக் காடு 2009இல் மிகவும் அழியும் நிலையில் உள்ள தாவரச் சமூகம் என்று தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. புதுக்கோட்டையில் பிடுங்கச் சொல்லிப் போராடும் மரம் இங்கே பல தலைமுறைக்கு முந்தைய காட்டின் எச்சமாக நிற்கிறது.

ஆனால் பட்டையை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். 700க்கும் மேல் யூகலிப்டஸ் இனங்கள் இருக்கின்றன. மொட்டு வேண்டும். டெரெட்டிகார்னிஸின் மொட்டு மூடி நீளமான கொம்பு மாதிரி கூம்பியிருக்கும். அதன் பெயரே அந்தக் கொம்பை வைத்துத்தான், 1795இல் ஸ்மித் வைத்தார். காயின் வாயில் உள்ள மடல்கள் (வால்வுகள்) விளிம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

அதே காட்டில் கூட நிற்கும் வேறு இரண்டு யூகலிப்டஸ்: மொலுக்கானா, கீழ்ப்பாதி சொரசொரப்பாகவும் மேலே வழவழப்பாகவும் இருக்கும். கிரெப்ரா, அடியிலிருந்து கிளை வரை கறுத்து ஆழமாக வெடித்த கல் மாதிரிப் பட்டை. இந்த மூன்றையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டால் பிறகு காரில் போகும்போதே தெரியும்.

எடுக்க வேண்டிய படங்கள்: அடிமரம், மேல்மரம், முழு உருவம், இலையின் இரு பக்கம், மொட்டு, காய். அடியில் இளங்கன்று இருந்தால் அதன் இலை கட்டாயம். கன்றின் இலை பெரிய மரத்து இலையைப் போலவே இருக்காது, பல இனங்களை அதுதான் காட்டிக்கொடுக்கும். யூக்ளிட் என்ற அடையாளக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது கேட்கும் கேள்விகளைப் பார்த்தாலே எதைப் படம் எடுக்க வேண்டும் என்று புரிந்துவிடும்.

கோத்தகிரி ரமணி

அழகர் சொன்னது என்னையும் கிளறிவிட்டது. எங்கள் மலையில் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கும் வாட்டில் மரம் அகேசியா மெர்ன்சி. தோல் பதனிடும் பட்டைக்காக நட்டது, இன்று சோலையின் ஓரம் வரை வந்துவிட்டது. இப்போது நான் இருக்கும், சிட்னிக்கு மேற்கே உள்ள நீல மலைகளில் (புளூ மவுண்டன்ஸ்) முதன்முதல் அதைப் பார்த்தபோது கை பரபரத்தது, பிடுங்கிவிட வேண்டும் என்று. ஒரு நிமிடம் நின்றுதான் "இது இதன் வீடு" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வாட்டிலில் இறகு இலை உள்ளவை இங்கே பலருக்குக் குழப்பம். மேற்கு சிட்னியில் மூன்று: மெர்ன்சி, டெகரன்ஸ், பாராமட்டென்சிஸ். மூன்றும் எட்டி நின்றால் ஒன்றுதான். டெகரன்ஸின் இளங்கிளையில் விரலை ஓட்டினால் கத்தி விளிம்பு மாதிரி வரம்புகள் தட்டுப்படும். பூ நல்ல மஞ்சள், குளிர்காலத்தில் பூக்கும். மற்ற இரண்டுக்கும் பூ வெளிறியது, கோடையை ஒட்டி வரும். இவற்றைப் பிரிக்க இலைக்காம்பின் மேல்பக்கம் பார்க்க வேண்டும். சின்னச் சின்னப் புள்ளியாகச் சுரப்பிகள் இருக்கும். கிளைக்காம்பு சேரும் இடத்தில் மட்டும் ஒன்றொன்று என்றால் பாராமட்டென்சிஸ். நடுவிலும் ஒழுங்கில்லாமல் கூடுதலாக இருந்தால் மெர்ன்சி.

இலையைத் திருப்பி மேல்பக்கக் காம்பை யாரும் படம் எடுப்பதில்லை. மஞ்சள் பூவைத்தான் பத்துப் படம் எடுக்கிறார்கள். வாட்டில் ஆயிரம் வகை, மஞ்சள் பூ பெரும்பாலானவற்றுக்கு உண்டு. தயவுசெய்து காம்பை எடுங்கள்.

மெல்பன் நிலா

நான் ஒன்று கேட்கலாமா? தெருவோரத்தில் மாநகராட்சி நட்ட மரங்களையும் பதிவு போடலாமா? போன மாதம் ஒரு கிரெவில்லியா போட்டேன், "பயிரிடப்பட்டது" என்று யாரோ குறித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியச் செடிதானே?

கான்பெரா முருகு

போடலாம், ஆனால் நட்டது என்று நீங்களே குறித்துவிடுங்கள் நிலா. ஆஸ்திரேலியச் செடி என்பது ஒரு கேள்வி, அந்த இடத்துக்குத் தானாக வந்ததா என்பது வேறு கேள்வி. எங்கள் ஊரில் கூட்டமுந்திரா வாட்டில், அதாவது அகேசியா பைலேயானா, நல்ல உதாரணம். இதே மாநிலப் பக்கத்துச் செடிதான், தெற்கு நியூ சவுத் வேல்ஸில் சின்னப் பரப்புக்குள் இருந்தது. தோட்டத்துக்கு அழகு என்று நட்டு, இன்று கான்பெரா குன்றுகளில் களை எடுக்கும் குழுக்கள் வெட்டுகிற மரம். கிரெவில்லியா பலதும் நாற்றுப்பண்ணைக் கலப்பினம், காட்டில் எங்கும் இல்லாதவை.

கல்யாணி, பென்டில்ஹில்

பல நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதத் தோன்றுகிறது.

போன வருடம் ஓடைக்கரையில் களை எடுக்கும் தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு படர்கொடியைக் காட்டி, "இது ட்ராட், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, வேரோடு எடுங்கள்" என்றார்கள். டிரேடெஸ்கான்டியா. நானும் ஆர்வமாக இரண்டு கோணிப்பை நிறைய எடுத்தேன். பையைக் கட்டும்போதுதான் உள்ளே ஒரு நீலப் பூ தெரிந்தது. கானாவாழைப் பூ! தஞ்சாவூரில் வாய்க்கால் ஓரத்தில் பார்க்கும் அதே நீலம்.

குழுத் தலைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. அது கோமெலினா சயானியா, இந்த மண்ணின் கானாவாழை. ஸ்கர்வி நோய்க்கு ஆரம்பகாலக் குடியேறிகள் சமைத்துத் தின்றது, அதனால் ஸ்கர்வி வீட் என்று பெயர். ஒரு பை முழுக்க அதைத்தான் பிடுங்கியிருந்தேன். அவர் திட்டவில்லை. தண்டைத் துண்டு துண்டாக வெட்டி ஈரமண்ணில் பதித்தோம், ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் என்றார். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன், பாதிக்கு மேல் பிடித்திருந்தது.

இப்போது நான் சொல்வது: ட்ராடுக்கு வெள்ளைப் பூ, மூன்று இதழும் ஒரே அளவு. கானாவாழைக்கு நீலம். பூ இல்லாத நாளில் சந்தேகம் இருந்தால் பிடுங்காதீர்கள், படம் எடுத்துக் கேளுங்கள். பிடுங்கிய பிறகு கேட்டு என்ன பயன்?

காரைநகர் வாசுகி

கல்யாணி அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. நாங்கள் எல்லாரும் ஊரில் கண்ட கண்ணோடு வந்திருக்கிறோம். அந்தக் கண்தான் உங்களுக்கு நீலப் பூவைக் காட்டியிருக்கிறது. குழுவில் வேறு யாருக்கும் படவில்லைத்தானே?

கல்யாணி, பென்டில்ஹில்

ஆமாம், யாருக்கும் படவில்லை.

மெல்பன் நிலா

இன்னொரு சந்தேகம். அரிய செடி ஒன்றைப் பார்த்தால் இடத்தை எப்படி மறைப்பது? எல்லாரும் போய் மிதித்துவிட மாட்டார்களா? ஆர்க்கிட் என்றால் தோண்டி எடுத்துக்கொண்டு போகிறார்களாமே.

கோத்தகிரி ரமணி

அழியும் பட்டியலில் உள்ள இனம் என்றால் ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை மங்கலாக்கும். அகலம், உயரம் 0.2 பாகையுள்ள ஒரு கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியாகக் காட்டும், கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். ஆனால் நீங்கள் குறிப்பில் "வாகன நிறுத்தத்திலிருந்து நூறு அடி, பலகைக்குப் பின்னால்" என்று எழுதிவிட்டால் எந்தப் பயனும் இல்லை. பின்னணியில் பெயர்ப்பலகை தெரியும் படத்தையும் போடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் பைமீலியா ஸ்பைகாட்டா என்று ஒரு செடி. முழங்கால்கூட எட்டாது, புல்லுக்குள் ஒளிந்திருக்கும், இளஞ்சிவப்பு படிந்த சின்ன வெள்ளைப் பூ. அழியும் நிலை என்று பட்டியலிடப்பட்டது. பூக்காத நாளில் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. நெருப்பில் கருகினாலும் ஆணிவேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். இப்படிப்பட்டதைப் படம் எடுக்க மண்டி போடும்போது உங்கள் முழங்காலுக்குக் கீழே இன்னொன்று இருக்கலாம். முதலில் சுற்றிப் பாருங்கள், பிறகு உட்காருங்கள்.

புதுக்கோட்டை அழகர்

ஒரு சாதாரண ஆளின் படம் உண்மையிலேயே இவ்வளவு மதிப்புள்ளதா? தாவரவியல் படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே.

கான்பெரா முருகு

இருக்கிறார்கள், ஆனால் கண்டம் பெரியது. 2023இல் வந்த ஒரு ஆய்வில் ஆஸ்திரேலியாவின் 21,000 சொச்சம் தாவர இனங்களுக்கும் படம் தேடினார்கள். 3,700க்கும் மேற்பட்டவற்றுக்கு, உயிரோடு மண்ணில் நிற்கும்போது எடுத்த நம்பத்தகுந்த ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. உலர்த்திய மாதிரிகள் மட்டுமே. பளிச்சென்று பூக்காதவை, யாரும் போகாத இடத்தில் இருப்பவைதான் இதில் அதிகம்.

டைலோட்டஸ் செனேரியஸ் கதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1967க்குப் பிறகு யாரும் சேகரிக்காத செடி, அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். வடக்கு குயின்ஸ்லாந்தில் ஒரு தனியார் நிலத்துக்குப் பறவைகளுக்கு வளையம் இடப் போனவர் ஒரு செடியைப் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்டில் போட்டார். அந்த இனத்துக்குப் பெயர் வைத்த தாவரவியலாளரே அந்தப் படத்தைப் பார்த்து அடையாளம் சொன்னார். பிறகு மாதிரி எடுத்து உறுதி செய்தார்கள். தனியார் நிலத்துக்குள் ஆய்வாளர்கள் நினைத்தபோதெல்லாம் போக முடியாது. அங்கே இருப்பவர் ஒரு படம் எடுத்தால் உண்டு.

டூங்காபி செந்தில்

பதிவைத் திருத்திவிட்டேன். பல் தெரியும் படம், காய்ப் படம், வேர்க்கன்றுப் படம் மூன்றும் சேர்த்தாயிற்று. ரமணி அம்மா சொன்னபடி காயை வெயிலில் வைத்தேன், மறுநாள் விதை கொட்டியிருந்தது, வெளிறிய சாம்பல், மினுக்கம் இல்லை. வாசுகி அக்காவின் ஒப்புதலும், மறுப்புப் போட்ட அந்தப் பெரியவரின் ஒப்புதலும் வந்துவிட்டன. "பல் எண்ணியதற்கு நன்றி" என்று எழுதியிருக்கிறார். நண்பரும் தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இப்போது அவரே லென்ஸ் வாங்கியிருக்கிறார்.

இன்னொன்று. நேற்று மாலை வடக்கே மணற்கல் பாறைப் பக்கம் போனேன். அங்கே தனியாக ஒரு சவுக்கு, பட்டை கறுத்து வெடித்தது. எண்ணினேன்: 7, 7, 6, 7. விதை கறுப்பாக மினுங்குகிறது. அடியில் கடித்துத் துப்பிய காய்கள் நிறையக் கிடந்தன, சவைத்த கரும்புச் சக்கை மாதிரி.

காரைநகர் வாசுகி

லிட்டோராலிஸ்! தம்பி, அந்தச் சக்கையையும் படம் எடுத்தீர்களா? பளபளப்புக் கருங்காக்கட்டூ பெரும்பாலும் அல்லோகசூரினாக் காயைத்தான் தின்னும், அதுவும் இந்த மாநிலத்தில் ஆபத்துப் பட்டியலில் உள்ள பறவை. தின்ற மரத்துக்கே திரும்பத் திரும்ப வரும். வேறு கிளிகளும் கடித்துப் போடும் என்பதால் சக்கையை வைத்து மட்டும் பறவை வந்தது என்று எழுத வேண்டாம். மரத்தைப் பதிவு செய்யுங்கள், சக்கையைத் தனிப் படமாக அதிலேயே சேருங்கள்.

டூங்காபி செந்தில்

எடுக்கவில்லை அக்கா. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மறுபடி போகிறேன். கல்யாணி அக்கா, அழகர் அண்ணா, பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், வருகிறீர்களா? லென்ஸ் இரண்டு இருக்கிறது.

கல்யாணி, பென்டில்ஹில்

வருகிறேன். தேநீர் நான் கொண்டுவருகிறேன்.

புதுக்கோட்டை அழகர்

நானும் வருகிறேன். வழியில் பிராஸ்பெக்டில் ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும், மொட்டைப் பார்க்க.